வாளுக்கு வகுத்த இலக்கணம்



இலக்கிய மேடையில் வாளுக்கு என்ன வேலை என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்கான விடை வாட்கலையின் சொற்களிலேயே அடங்கியுள்ளது. ஐரோப்பிய வாட்பயிற்சிக் கூடங்களில் இருவர் எதிரெதிர் நின்று தாக்கத் தொடங்கி, இடையீடின்றித் தொடர்ந்து, ஒருவர்மேல் முனை படும்வரை நிகழ்வது முழுவதையும் சேர்த்துப் பிரெஞ்சு மொழியினர் 'வாக்கியம்' என்றே வழங்குவர். இரு வாள்களும் ஒன்றையொன்று தொட்டும் வழுக்கியும் விலகியும் நிற்பதற்கு 'உரையாடல்' என்று பெயர். எதிராளியின் தாக்குதலைத் தடுத்தபின் திருப்பித் தாக்குவதை ரிபோஸ்ட் என்பர். 'மறுமொழி' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழிவந்த சொல் அது. கொல்வதற்கென்றே வடிக்கப்பட்ட ஒரு கருவியைச் சுற்றி இத்தனை மொழியியற் சொற்கள் சூழ்ந்திருப்பது தற்செயல் அன்று. கொல்லும் கருவி பேசும் கருவியான வரலாற்றை அவை தாங்கி நிற்கின்றன. அவ்வரலாறும், அந்தப் பேச்சின் இலக்கணம் முடிவில் யாருடைய நாவை நம்பி நின்றது என்பதுமே இவ்வுரையின் பொருள்.

ஐரோப்பாவில் இன்று கிடைக்கும் வாட்பயிற்சி நூல்களுள் மிகப் பழையது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த ஓர் ஏட்டுச்சுவடி. தோலில் வரையப்பட்ட வண்ணப் படங்களும் இலத்தீன் உரையும் கொண்ட அது இன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள அரச ஆயுதக் காட்சியகத்துக்கு உரியது. அதில் வாளும் சிறு கேடயமும் ஏந்திக் கற்பிப்பவர் போர்வீரர் அல்லர், ஒரு பாதிரியார். கற்பவன் அவருடைய மாணாக்கன். இன்னும் வியப்புக்குரியது சுவடியின் இறுதிப் பகுதி. அங்கே மாணாக்கனின் இடத்தில் வால்பர்கிஸ் என்னும் பெயருடைய ஒரு பெண் வாளேந்தி நிற்கிறாள். அவள் யார், ஏன் அங்கு வந்தாள் என்பதற்குச் சுவடியில் விளக்கம் ஏதும் இல்லை. விளக்கம் வேண்டும் என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை போலும். பெண்கள் வாளெடுக்கலாமா என்று பிற்காலத்தார் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டதை எண்ணும்போது, முதல் நூலிலேயே ஒரு பெண் எவ்வித ஆரவாரமும் இன்றி இடம்பெற்றிருப்பது பொருள் பொதிந்தது.

அதே நூற்றாண்டில் செருமானிய நாட்டில் யோகன்னஸ் லீக்டெனாவர் என்னும் ஆசான் வாழ்ந்தார். இரு கைகளாலும் பற்றி வீசும் நெடுவாளே அவருடைய கருவி. அவருடைய போதனை முழுவதும் எதுகை நயம் பொருந்திய சிற்றடிச் செய்யுள்களாக வழங்கியது. அச்செய்யுள்களைத் தனியே படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கலை தகுதியில்லாதவர் கைக்குப் போய்விடக்கூடாது என்று வேண்டுமென்றே சொற்களை மூடி வைத்ததாக அவர் மரபினர் எழுதினர். பின்வந்த ரிங்கெக் முதலியோர் அடிக்கு அடி உரை எழுதிப் பொருளைத் திறந்தனர். நூற்பாவையும் அதற்கு வாய்த்த உரையாசிரியர்களையும் அறிந்த தமிழ் மாணவர்க்கு இந்த அமைப்பை விளக்க வேண்டுவதில்லை. சூத்திரம் மனத்தில் நிற்க, உரை அதைக் கைக்குக் கொண்டுவரும். போரையும் புறத்திணையென இலக்கணத்துக்குள் வைத்த மரபில் வந்தோர்க்கு, வேறொரு மக்கள் வாளைச் செய்யுளுக்குள் வைத்தது அந்நியமாகத் தோன்றாது.

வாட்கலையைச் செய்யுளிலிருந்து வடிவ கணிதத்துக்குக் கொண்டு சென்றோர் இத்தாலியர். 1536இல் போலோஞ்ஞா மரபின் ஆசான் அக்கீலே மரோட்சோ தம் பெருநூலை வெளியிட்டபோது, வாளேந்தி நிற்கும் நிலைகளுக்கு அழகழகான பெயர்கள் பல இருந்தன. 17 ஆண்டுகள் கழித்து, 1553இல், உரோமையில் கமில்லோ அக்ரிப்பா என்பவர் ஒரு நூல் எழுதினார். அவர் தொழில்முறை வாளாசான் அல்லர், கட்டடக் கலையும் பொறியியலும் அறிந்தவர். மனித உடலை வட்டங்களும் முக்கோணங்களுமாக வரைந்து பார்த்த அவர், அத்தனை நிலைகளும் தேவையில்லை, நான்கே போதும் என்று முடிவு கட்டினார். அவற்றுக்குப் பெயரும் இடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண் கொடுத்தார். இடப்பக்க உறையிலிருந்து வாளை உருவிய அக்கணத்தில் கை எங்கு நிற்குமோ அதுவே முதல் நிலை. இம்முறை பின்னர் விரிந்து, பிரெஞ்சு மரபில் எட்டுத் தடுப்புகளாக நிலைபெற்றது. முதலாவது, இரண்டாவது என எட்டாவது வரை அவை இன்றும் எண்ணாலேயே அழைக்கப்படுகின்றன. எட்டு வேற்றுமைகளை எண்ணால் சுட்டிப் பழகிய நம் மாணவர் ஒருவர் அக்கூடத்துக்குள் நுழைந்தால் பாதிப் பாடம் படித்தவர் போலவே உணர்வார்.

இக்காலத்து இத்தாலிய வாள், போர்க்களத்தின் அகன்ற வாள் அன்று. நகரத் தெருவில் நாகரிக உடையுடன் இடையில் தொங்கிய நீண்டு மெலிந்த வாள். ஆங்கிலத்தில் அதனைக் குறிக்கும் 'ரேப்பியர்' என்னும் சொல், உடையோடு அணியும் வாள் எனப் பொருள்படும் ஸ்பானியத் தொடரிலிருந்து வந்ததென்பர். தமிழில் 'உடைவாள்' என்று நெடுங்காலமாகச் சொல்லி வருவதும் ஏறக்குறைய அதுவே. வெட்டுவதைவிடக் குத்துவதே விரைவு என்பதை உடைவாள் கற்பித்தது. 1606இல் நிக்கொலெத்தோ ஜிகாந்தி வெனிசிலும், 1610இல் கப்போ ஃபெர்ரோ சியென்னாவிலும் வெளியிட்ட நூல்கள் பாய்ச்சல் என்னும் அசைவைத் தெளிவாக வரைந்து காட்டின. முதலில் கை நீளும். பிறகே முன்கால் எழும். பின்கால் நாணேறிய வில்லின் கோல்போல் நிமிரும். இடக்கை பின்னே வீழ்ந்து உடலை நிறுத்தும். கைக்கு முன்னே கால் போனால் உடல் எதிராளியின் முனைக்குத் தானே விருந்தாகிவிடும். 400 ஆண்டுகளுக்குப் பின்னும் முதல் நாள் பாடம் இதுவேதான்.

நூல்கள் பெருகிய அதே காலத்தில் கல்லறைகளும் பெருகின. பிரான்சில் மன்னர் இசைவுடன் நடந்த கடைசித் துவந்தப் போர் 1547 ஜூலையில் நிகழ்ந்தது. இரண்டாம் ஹென்றியின் கண்முன், அவருடைய அன்புக்குரிய லா ஷாத்தெஞ்ஞெரே என்பவரின் காலின் பின்நரம்பை ஜார்னாக் என்னும் பிரபு அறுத்து வீழ்த்தினார். வீழ்ந்தவர் உயிர் துறந்தார். மனம் கசந்த மன்னர் அதன்பின் இசைவளிக்கவில்லை. இசைவு நின்றதேயன்றிப் போர் நிற்கவில்லை. ஒரு சொல், ஒரு பார்வை, ஒரு பெண்ணின் பெயர், ஏதேனும் ஒன்று போதுமானதாயிற்று. பிரான்சின் பிரபு குலத்து இளைஞர் ஆயிரக்கணக்கில் இவ்வாறு மடிந்தனர். 1626இல் கார்டினல் ரிஷெலியூவின் ஆட்சியில் கடுமையான தடையாணை பிறந்தது. அடுத்த ஆண்டே புத்வீல் என்னும் பிரபு பாரிசின் அரச சதுக்கத்தில் பட்டப்பகலில் வாளுருவி அவ்வாணையை எள்ளினார். 1627 ஜூனில் அவர் தலை வெட்டப்பட்டது. மானம் என்னும் சொல்லுக்கு அந்நாட்டார் கொடுத்த விலை மிகப் பெரிது. அம்மானத்தைப் புகழ்ந்து எழுதிய கதைகளைப் படித்து மகிழும்போது இந்தப் பிணக்கணக்கையும் உடன்வைத்துப் படிப்பதே முறை.

இனி, வாள் பேசத் தொடங்கிய இடத்துக்கு வரலாம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் வாள் மேலும் குறுகி இலேசாயிற்று. அதனைக் கற்பதற்கென ஒரு பயிற்சி வாள் தோன்றியது. மெல்லிய வளையும் அலகு. முனையில் கூர் இல்லை. தோல் சுற்றிய ஒரு சிறு குமிழ். அக்குமிழ் பூமொட்டுப் போலிருந்ததால் பிரெஞ்சில் ஃப்ளூரே என்றும், இத்தாலியில் ஃபியோரெத்தோ என்றும் அதற்குப் பெயர் வந்தது. இரண்டும் 'சிறு பூ' எனப் பொருள்படுவன. ஆங்கிலேயர் ஃபாயில் என்றனர். வாளின் முனையில் மொட்டு வைத்த அந்நாளே வாட்கலை கலையான நாள் எனலாம்.

மொட்டு வைத்தவுடன் ஓர் இடர் தோன்றியது. கூர்வாள் முன் நிற்பவன் அஞ்சித் தன்னைக் காப்பான். மொட்டு வாள் முன் நிற்பவனுக்கு அச்சமில்லை. எதிராளி குத்தும்போது தானும் உடன் குத்துவான். உண்மை வாளாயின் இருவரும் செத்திருப்பர் என்பதை மறந்து, 'என் முனையும் பட்டதே' என்று வாதிடுவான். இந்த மறதியைத் தடுப்பதற்கு ஆசான்கள் ஒரு விதி வகுத்தனர். யார் முதலில் கையை நீட்டி முனையை எதிராளியின் மார்புக்கு நேரே காட்டுகிறாரோ அவருக்கே தாக்கும் உரிமை. மற்றவர் முதலில் அதனைத் தடுத்தாக வேண்டும். தடுத்துவிட்டால் உரிமை அவருக்கு மாறும். அவர் மறுமொழி கூறலாம். அம்மறுமொழியை முதல்வர் தடுத்தால் உரிமை மீண்டும் அவரிடம் திரும்பும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசலாகாது என்னும் அவை நாகரிகமே இது. குறுக்கே பேசினால் அவர் முனை பட்டும் படாததாகவே கொள்ளப்படும்.

உடலில் எங்குக் குத்தலாம் என்பதும் வரையறுக்கப்பட்டது. முகம் விலக்கு, கைகால் விலக்கு, மார்பும் வயிறும் முதுகும் மட்டுமே இலக்கு. முகமூடி பரவாத காலத்தில் கண் போகாமல் காத்தவை இவ்விதிகளே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசின் ஆசான் லா போயெசியேரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கம்பிவலை முகமூடி வந்த பின்னரே, தயக்கமின்றி நீண்ட வாக்கியங்கள் பேச இயன்றது. ஆயினும் 'நீண்ட' என்பதைத் தவறாகக் கொள்ளலாகாது. எம்.ஜி.ஆரும் நம்பியாரும் படிக்கட்டுகளில் ஏறியும் இறங்கியும் ஆடிய வாட்சண்டைகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது ஏமாற்றம் தரலாம். கூடத்தில் ஒரு வாக்கியம் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். அதன் இன்பம் பார்ப்பதிலன்று, படிப்பதில் இருக்கிறது.

அந்த லா போயெசியேரின் கூடத்தில் பயின்றவருள் ஒருவர் ஷெவாலியே த சென்-ஜார்ஜ். 1745இல் கரிபியக் கடலின் குவாதலூப் தீவில், ஒரு பிரெஞ்சுத் தோட்ட முதலாளிக்கும் நானோன் என்னும் ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். வாளில் ஐரோப்பாவின் முன்னணியில் நின்றவர். வயலினிலும் இசையாக்கத்திலும் அவ்வாறே. 1776இல் பாரிஸ் இசை நாடக அரங்கின் தலைமைக்கு அவர் பெயர் எழுந்தபோது, கலப்பினத்தவர் ஒருவரின் ஆணைக்குக் கீழ்ப்பட இயலாது என்று அரங்கின் முன்னணிக் கலைஞர் சிலர் அரசிக்கு விண்ணப்பம் விடுத்தனர். பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. இசையரங்கு மூடிய கதவை வாளரங்கு மூடவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1787 ஏப்ரல் 9 அன்று இலண்டன் கார்ல்ட்டன் மாளிகையில் வேல்ஸ் இளவரசர் முன்னிலையில் அவருடன் எதிர்நின்றவர் ஷெவாலியே தெயோன். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். பதினைந்தாம் லூயியின் மறைமுகத் தூதர். ஆணாகப் பதிவு பெற்றிருந்தும் 1777 முதல் பெண்ணாகவே ஏற்கப்பட்டுப் பெண்ணுடையில் வாழ்ந்தவர். அப்போது அவருக்கு வயது 58. தரையளந்த பெண்ணுடையுடன், மார்பில் படைவீரருக்குரிய பதக்கத்துடன் வாளேந்திய தெயோனின் முனை, தம்மைவிட 17 ஆண்டு இளைய சென்-ஜார்ஜின் மேல் பட்டது. ஓவியர் ரொபினோ தீட்டிய அந்நிகழ்ச்சியின் படம் இன்றும் உள்ளது. நிறத்தால் விலக்கப்பட்ட ஒருவரும், உடையாலும் பாலாலும் ஊர்வாய்க்கு அவலாகிய ஒருவரும், ஒரே விதிக்கு உட்பட்டு ஒருவரோடொருவர் மரியாதையுடன் பேசிக்கொண்ட மாலை அது. சுற்றிலும் கூடியிருந்த பிரபுக்களுள் பலர் வேடிக்கை பார்க்கவே வந்திருப்பர். வாள்கள் வேடிக்கை பேசவில்லை.

19ஆம் நூற்றாண்டில் வாள் மூன்றாகக் கிளைத்தது. ஃபாயிலின் இலக்கணம் கூறப்பட்டது. அவ்விலக்கணம் மிகையாகிவிட்டது, தெருவில் நிற்பவன் முறை பார்த்துக் குத்த மாட்டான் என்று கருதியோர் எப்பே என்னும் கனத்த வாளுக்குத் திரும்பினர். அதில் தலைமுதல் கால்வரை முழு உடலும் இலக்கு, முதலில் பட்டதே கணக்கு, உரிமை என்பதே கிடையாது. மூன்றாவதான சேபர் குதிரைப்படையின் வெட்டுவாள். அதில் முனையும் செல்லும், விளிம்பும் செல்லும். இடைக்கு மேலே மட்டும் இலக்கு. 1896இல் இத்தாலிய ஆசான் இத்தாலோ சாந்தெல்லி புடாபெஸ்டில் குடியேறித் தம் நாட்டு முறையை அங்கேரியரின் முறையோடு இணைத்தார். விளைவு என்னவெனில், 1908 முதல் 1964 வரை நடந்த ஒலிம்பிக் தனியாள் சேபர் போட்டிகளில் 1920ஐத் தவிர ஒவ்வொரு முறையும் தங்கம் அங்கேரிக்கே சென்றது. முதல் ஒலிம்பிக்கான 1896 ஏதென்சிலிருந்தே வாள்விளையாட்டு இடம்பெற்று வருகிறது. பெண்களுக்கு 1924இல் ஃபாயிலும், 1996இல் எப்பேயும், 2004இல் சேபரும் திறக்கப்பட்டன. வால்பர்கிசுக்கு 14ஆம் நூற்றாண்டில் இருந்த இடம் திரும்பக் கிடைக்க இத்தனை காலம் பிடித்தது.

இப்போது மையமான வினாவுக்கு வரவேண்டும். முனை பட்டதா, படவில்லையா? கண்ணிமைப்பதற்குள் நிகழும் ஒன்றை யார் அறிவர்? நடுவராகத் தலைவர் ஒருவரும், பக்கத்துக்கு இருவராக நால்வரும் நின்றனர். உடன் நடுவர்க்கு ஆளுக்கு ஒரு வாக்கு. தலைவருக்கு ஒன்றரை வாக்கு. இருவர் ஒத்துரைத்தால் தலைவரின் சொல்லையும் அது மிஞ்சும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ஐவர் கண்ணுக்கும் தப்புவது உண்டு. தப்பாமல் அறிபவர் ஒருவரே, அவர் பட்டவர். தோலில் உறுத்திய முனையைத் தோலுக்குரியவர் அறிவார். எனவே செவ்வியல் கூடங்களில் பட்டவரே கையை உயர்த்தி 'தூஷே' என்று அறிவிப்பது மரபாயிற்று. 'தொடப்பட்டேன்' என்பது அதன் பொருள். குத்தியவர் 'குத்தினேன்' என்று கூவுவது இழிவாகக் கருதப்பட்டது. வெற்றியைத் தோற்றவர் வாயால் கேட்பதே முறை. உலகின் விளையாட்டு மரபுகளில் இத்தகைய விதி அரிது.

அவ்விதி எப்போதும் மதிக்கப்பட்டதென்று சொல்ல இயலாது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தீர்ப்புப் பற்றி எழுந்த பூசல் வளர்ந்து, இத்தாலிய வீரர் ஓரெஸ்தே பூலீத்தியும் அங்கேரி நடுவர் கொவாச்சும் அதே ஆண்டில் மொட்டில்லாத வாளுடன் எதிர்நிற்கும் அளவுக்குச் சென்றது. சொல்லில் நம்பிக்கை போன இடத்தில் மொட்டும் கழன்றுவிழுந்தது. 1967இல்கூட, நாடாளுமன்றத்தில் வீசிய ஒரு வசைச்சொல்லுக்காகக் காஸ்தோன் தெஃபேர், ரெனே ரிபியேர் என்னும் பிரெஞ்சு உறுப்பினர் இருவர் பாரிசை அடுத்த ஒரு தோட்டத்தில் எப்பேயுடன் நின்றதும், ரிபியேர் இருமுறை காயமுற்றதும் படம்பிடிக்கப்பட்ட செய்திகள்.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். பெண்கள் ஃபாயில் போட்டியில் தங்கத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் இங்கிலாந்தின் ஜூடி கின்னசும் ஆஸ்திரியாவின் எல்லன் பிரைசும் எதிர்நின்றனர். பிரைசின் முனை இருமுறை கின்னஸ் மேல் பட்டது. நடுவர்கள் காணவில்லை. கணக்கில் ஏறவில்லை. கின்னஸ் வாய்மூடி நின்றிருந்தால் யாரும் அறிந்திருக்கப் போவதில்லை. அவர் நடுவர்களிடம் தாம் தொடப்பட்டதைச் சொன்னார். தங்கம் பிரைசுக்குச் சென்றது. கின்னஸ் வெள்ளியுடன் ஊர் திரும்பினார். இதனைப் பெருந்தியாகம் என்று இன்று எழுதுகிறார்கள். அக்கூடங்களின் இலக்கணப்படி பார்த்தால் அது தியாகம் அன்று. வாக்கியத்தை அவர் பிழையின்றி முடித்தார், அவ்வளவே. எழுவாய் ஒருவராகவும் பயனிலை மற்றொருவராகவும் உள்ள வாக்கியம் அது. பயனிலையை அவர் விழுங்கவில்லை.

தோலின் சாட்சியத்துக்குப் பதிலாக மின்சாரம் வந்தது. எப்பேயில் 1936 ஒலிம்பிக்கிலும், ஃபாயிலில் 1956இலும், சேபரில் 1992இலும் மின்கருவி புகுந்தது. எப்பேயின் முனைப் பொத்தான் 750 கிராம் அழுத்தத்துக்கும், ஃபாயிலின் பொத்தான் 500 கிராம் அழுத்தத்துக்கும் இணங்கி விளக்கை எரிக்கும். இனிப் பொய்யில்லை என்று எல்லாரும் நம்பினர். 1976 மாண்ட்ரியாலில், ஐந்திறப் போட்டியின் எப்பே ஆட்டத்தில், சோவியத் வீரர் போரிஸ் ஒனிஷ்செங்கோவின் வாள் எதிராளியைத் தொடாமலே விளக்கு எரிந்தது. இங்கிலாந்தின் ஜிம் ஃபாக்ஸ் முறையிட்டார். வாளைப் பிரித்துப் பார்த்தபோது, கைப்பிடிக்குள் விரலால் அழுத்தும் மறைபொத்தான் ஒன்று இருந்தது. அவர் விலக்கப்பட்டார், அவருடைய அணியும் போட்டியை இழந்தது. கருவி மனிதனைக் காட்டிலும் நேர்மையானது என்பது கருவியை மனிதன் செய்யாத வரையில்தான் உண்மை.

மின்விளக்கு வேகத்தைக் கூட்டியது, வேகம் ஆபத்தைக் கூட்டியது. 1982 ஜூலையில் உரோமையில் நடந்த உலகப் போட்டியில் மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேரின் ஃபாயில் அலகு முறிந்து, மாஸ்கோ ஒலிம்பிக் தங்க வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவின் முகமூடியை ஊடுருவிக் கண்வழியே மூளையில் பாய்ந்தது. சில நாள்களில் அவர் இறந்தார். எளிதில் முறியாத உயர்வகை எஃகு அலகுகளும், வலுவான முகமூடிகளும், குத்துத் தாங்கும் உள்ளுடைகளும் அதன்பிறகே கட்டாயமாயின. 500 கிராமுக்கு மேற்படாத ஒரு கருவிதானே என்று எண்ணுவோர் இச்சாவை நினைவில் கொள்ளல் வேண்டும். மொட்டுக்குள் வாள் உறங்குகிறதேயன்றி ஒழிந்துவிடவில்லை.

பழைய நூல்களை மீண்டும் தேடிப் படித்தோரும் உளர். எகர்ட்டன் காசில் 1885இல் ஐரோப்பிய வாட்பள்ளிகளின் வரலாற்றை எழுதினார். அவருடன் சேர்ந்து படைத்தலைவர் ஆல்ஃபிரட் ஹட்டன் மறைந்த முறைகளை மேடையில் ஆடிக்காட்டினார். இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மின்கம்பி இல்லாத வாளுடன் 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு, இத்தாலிய முறைகளைப் பயிலும் செவ்வியல் கூடங்கள் உள்ளன. அங்கே பட்டவர்தாம் கை உயர்த்துகிறார். புள்ளி சேர்ப்பதைவிட, கூர்வாளாக இருந்தால் இப்போது உயிரோடிருப்பேனா என்னும் வினாவே அங்குக் கேட்கப்படுகிறது. இதனைப் பழமைப்பித்து என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் வினா நேரியது.

போட்டிக் களத்திலும் இலக்கணம் முற்றும் அழியவில்லை. 14 மீட்டர் நீளமுள்ள களத்தில் இரு விளக்குகளும் ஒருங்கே எரியும்போது எந்திரம் வாயடைத்து நிற்கும். ஃபாயிலிலும் சேபரிலும் யாருக்கு உரிமை என்பதை அதனால் சொல்ல இயலாது. அப்போது நடுவர் முழு வாக்கியத்தையும் சொல்லிக் காட்டியே தீர்ப்பளிக்கிறார்: 'இடப்பக்கத் தாக்குதல், தடுப்பு, வலப்பக்க மறுமொழி.'

இந்தச் சேபர் வாக்கியங்களைத் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவரும் உலக மேடையில் பேசியுள்ளார். 1993இல் சென்னையில் பிறந்த சி.ஏ.பவானி தேவி, பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் வாளுக்கு வந்தவர். தொடக்கத்தில் மூங்கில் கழியுடன் பயின்றவர். பின்னர்த் தலச்சேரியிலும், அதன்பின் இத்தாலியின் லிவோர்னோவிலும் பயிற்சி பெற்றார். 18ஆம் நூற்றாண்டில் இலண்டனுக்குச் சென்று பள்ளி அமைத்து, 1763இல் புகழ்பெற்ற நூல் இயற்றிய டொமெனிக்கோ ஆஞ்சலோ பிறந்த ஊரும் அதே லிவோர்னோ. 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஒலிம்பிக் வாள்விளையாட்டில் களமிறங்கிய முதல் இந்தியராகத் துனிசியாவின் நாதியா பென் அசீஸியை 15-3 என வென்று, அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். 2023 ஜூனில் சீனாவின் வூசியில் நடந்த ஆசியப் போட்டியில் உலக வாகையர் மிசாகி எமுராவை வீழ்த்தி வெண்கலம் பெற்றார். ஆசிய வாட்போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

அதற்கு அடுத்த மாதம் மிலானில் உலகப் போட்டி. அங்கும் பெண்கள் சேபர். உக்ரைன் நாட்டின் ஓல்ஹா கார்லான், நடுநிலைக் கொடியின் கீழ் ஆடிய இரஷ்ய வீராங்கனை அன்னா ஸ்மிர்னோவாவை 15-7 என வென்றார். ஆட்டத்தின் முன் வாளை உயர்த்தி வணங்குவதும், முடிவில் முகமூடி கழற்றி வாளில்லாத கையை எதிராளிக்கு நீட்டுவதும் மரபு. அம்மரபு அன்று எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. தம் நாட்டின்மேல் போர் நடந்துகொண்டிருந்த நிலையில் கார்லான் கையை நீட்டவில்லை. வாளை நீட்டினார், முனையோடு முனை தொட்டுக்கொள்ளலாம் என்னும் குறிப்புடன். ஸ்மிர்னோவா அதை ஏற்காமல் களத்திலேயே நாற்காலியிட்டு நெடுநேரம் அமர்ந்தார். கார்லான் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பல திசைகளிலும் எதிர்ப்பு எழ, மறுநாளே நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. கைகுலுக்காமல் விலகி நின்று வணங்கலாம் என உலகக் கூட்டமைப்பு விதியைத் தளர்த்தியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கார்லான் தனியாள் சேபரில் வெண்கலமும், தம் அணியோடு தங்கமும் பெற்றார்.